பனி இறங்கிய பனியன் கம்பெனி

வைகாசி பிறந்த பிறகும் கத்திரி வெயில் அடங்காமல், ரோட்டுத் தார் இளகிச் செருப்பைப் பிடித்திழுத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வந்த கன்டெய்னர் லாரி எங்கள் வீதிக்குள் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் ஊர்ந்து, டீக்கடைப் பந்தலின் ஒரு காலைச் சாய்த்து, ஒருவழியாக நாச்சிமுத்துவின் பனியன் கம்பெனி வாசலில் வந்து நின்றபோது, அதன் கதவிடுக்கிலிருந்து வெள்ளையாக எதுவோ வழிந்து தரையோடு தரையாக ஓடியது. பார்த்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று வாளி எடுக்க ஓடினார்கள். லாரி டிரைவர் இறங்கி, கழுத்தில் சுற்றியிருந்த துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு, "புகையில்ல அண்ணாச்சி, குளிரு. ஏத்துனதுல இருந்து இப்படித்தான். வழியெல்லாம் சன்னலச் சாத்திக்கிட்டே வந்தேன்" என்றான், டயரில் காற்று கொஞ்சம் கம்மி என்று சொல்கிற அதே குரலில்.

நாச்சிமுத்து திருப்பூரில் பெரிய முதலாளி அல்ல. கைமாறிக் கைமாறி வந்த நாலு பழைய நிட்டிங் மெஷின்களை வைத்து, பிறத்தியார் நூலைத் துணியாக ஓட்டிக் கொடுப்பதில் தொடங்கியவர். அவர் மனைவி கோகிலவாணி பக்கத்துக் கட்டடத்தில் தையல் பகுதியை ஆரம்பித்த பிறகுதான் குளிர்நாட்டுக் குழந்தைகளுக்கான ஜாக்கெட் தைத்து நேராகக் கப்பலேற்றுகிற அளவுக்கு வளர்ந்தார்கள். எங்கள் ஊரின் பிழைப்பே அப்படிப்பட்டதுதான். நாங்கள் பார்த்திராத ஊர்களில் எப்போது இலை கொட்டும், எப்போது ஆறு உறையும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அந்த மழைக்கும் அந்தக் குளிருக்குமாக, முதுகில் வியர்வை ஓட ஓட, நடுக்கோடையில் கனத்த துணிகளை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருப்போம்.

போன பருவத்தில் நாச்சிமுத்து அனுப்பிய ஜாக்கெட்டுகள் கப்பலேறித் திரும்பி வந்துவிட்டன. குழந்தைகளுக்குக் குளிர் தாங்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பெட்டியைப் பிரித்து மேசையில் போட்டு அளந்து பார்த்தார்கள். அளவு சரி. தையல் சரி. ஜிப் சரி. குளிர் தாங்குவது என்றால் எப்படியிருக்க வேண்டும் என்பதை மட்டும் அளந்து பார்க்க எங்கள் ஊரில் வழியில்லை. துணிதான் மட்டம், மெஷின் பழசாகிவிட்டது என்ற முடிவுக்கு நாச்சிமுத்து வந்தார். இன்னொரு தடவை சரக்குத் திரும்பினால் சரக்கு வாங்குகிற அந்த வெளிநாட்டு பையர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார், போனவர்களில் திரும்பி வந்தவர்களை எங்கள் ஊர் பார்த்ததில்லை. ஆகவே வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, மலைகள் சூழ்ந்த ஒரு தூர தேசத்திலிருந்து புது மெஷின் ஒன்றை வரவழைக்கத் துணிந்தார்.

"மெஷின் புதுசா வந்தா துணி நல்லா வருமுங்க. ஜாக்கெட்டும் நல்லா வந்துருமுங்களா?" என்று கோகிலவாணி கேட்டார்.

"துணி நல்லா வந்தா ஜாக்கெட்டு ஏன் நல்லா வராது?"

கோகிலவாணி வங்கித் தாள்களில் கையெழுத்துப் போட்டார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் பிடிக்காமல் போனது. நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்காமல் போனது. ஒருவர் மற்றவரிடம் அதைச் சொல்லவில்லை.

நிட்டிங் ஷெட்டில் வேலை பார்த்த நாலு ஆபரேட்டர்களுக்கு வேறொரு கவலை. நாலு பழைய மெஷின் ஓட்டுகிற துணியைப் புது மெஷின் ஒன்றே ஓட்டிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர்களில் மூத்தவரான சென்னியப்பன் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. பழைய மெஷின்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிற வீட்டில் பிள்ளைகளுக்குத் தலைவாரி விடுவதுபோல.

கிரேன் வைத்து இறக்கி, மரப்பெட்டியின் பலகைகளை உடைத்து, ஷெட்டின் நடுவில் நிற்க வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, நூல் கோன்களை ஏற்றி, சென்னியப்பன் பொத்தானை அழுத்தினார். மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் மேலே வெள்ளை வெள்ளையாகப் பறக்கத் தொடங்கியது. நிட்டிங் ஷெட்டில் பஞ்சு பறப்பது புதிதல்ல என்பதால் அவர் காற்றுக் குழாயை எடுத்து ஊதி விரட்டினார். ஊத ஊத அது கூடியது. அவருடைய புருவத்தில் இறங்கியது, மீசையில் இறங்கியது, நீட்டிய உள்ளங்கையில் இறங்கித் தண்ணீராகி விரலிடுக்கில் ஒழுகியது. அவர் நக்கிப் பார்த்தார்.

"மொதலாளி," என்றார், "இது பஞ்சு இல்லீங்கோ. பனீங்."

அன்று மாலைக்குள் ஷெட்டில் கணுக்கால் ஆழத்துக்குப் பனி கிடந்தது. ஆனால் மெஷினிலிருந்து இறங்கிய துணி உலர்ந்து, ஒரே கனமாக, ஒரு புள்ளி குறையில்லாமல் வந்தது. நாச்சிமுத்து துணியைத் தடவிப் பார்த்தார், பனியை மிதித்துப் பார்த்தார், பிறகு மெஷின் அனுப்பிய கம்பெனிக்கு வீடியோ கால் போட்டு எல்லாவற்றையும் காட்டினார். அந்தப் பக்கம் இருந்த நரைத்த இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இந்த வருஷம் எங்கள் மலையில் பனியே விழவில்லை, எங்கே போயிற்று என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம், பத்திரமாக இருக்கிறதல்லவா, நல்லது என்றார். ஊசிகளுக்குக் குளிர்கால எண்ணெய் போடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்கு மேல் காரணம் தேட யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் வெயில் அப்படி அடித்தது. ஷெட்டின் கதவிடுக்கில் கசிந்த குளிர் வாசல்படி இறங்கி, வீதியில் முழங்கால் உயரத்துக்கு ஓடியது. முதலில் நாய்கள் வந்து படுத்தன. பிறகு கொசுவலையும் பாயும் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். பூக்காரிகள் மல்லிகைக் கூடைகளை ஷெட்டின் வெளிச்சுவர் ஓரமாக வைத்து வாடாமல் காப்பாற்றினார்கள். மோர்க்காரர் தன் பானைகளைப் பனியில் புதைத்து வைத்தார். கல்யாணம் நிச்சயமான ஜோடிகளைப் படம் எடுக்க ஊட்டிக்குக் கூட்டிப் போகிற போட்டோக்காரர்கள், அந்தச் செலவை மிச்சம் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஷெட் வாசலில் ஜோடிகளை நிற்க வைத்தார்கள். கடனுக்குக் கொடுத்த மெஷின் இருக்கிறதா என்று பார்க்க வந்த வங்கி அதிகாரி, ஒரு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்தவர், கோடையில் அப்படியொரு சுகத்தை எதிர்பார்க்காததால் அங்கேயே தூங்கிப்போனார். எழுந்ததும் மெஷின் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாரியம்மன் கோவில்காரர்கள் வந்து, ஆத்தா இந்த வெயிலில் கொதித்துப்போய் இருக்கிறாள், ஒரு நாள் தீர்த்தத்துக்குப் பதில் இதைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எவர்சில்வர் குடங்களில் பனியை அள்ளி, மேலே வேப்பிலை செருகி, பெண்கள் வரிசையாகத் தலையில் சுமந்து போனார்கள். போகிற வழியெல்லாம் குடத்திலிருந்து சொட்டிச் சொட்டிக் கழுத்தில் இறங்கியதில் அவர்கள் சிரித்த சிரிப்பு மேளத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. அந்த வருஷம் எங்கள் வீதியில் ஒரு பிள்ளைக்கும் அம்மை போடவில்லை. பனியால்தான் என்று சிலர் சொன்னார்கள், ஆத்தாளால்தான் என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பூசாரி சொன்னார்.

கம்பெனிக்குள்ளே வேலை செய்தவர்களுக்குத்தான் குளிர் வேறுமாதிரி இருந்தது. காதர்பேட்டைக் கடைகளில் கோடையென்று விலைபோகாமல் கிடந்த கனத்த ஹூடிகளையெல்லாம் நாச்சிமுத்து மூட்டையாக வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். இருபது வருஷமாக அதே ஹூடிகளைத் தைத்தவர்கள், தலைக்குல்லா எதற்கு, மணிக்கட்டில் அந்த இறுக்கம் எதற்கு என்பதையெல்லாம் அப்போதுதான் தங்கள் உடம்பில் உணர்ந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அப்படியும் மெஷின் பக்கத்தில் ஒரு ஆள் தொடர்ந்து நிற்க முடியவில்லை. விரல் மரத்துப்போகும், நூல் அறுந்தால் முடிச்சுப் போட வராது. ஆகவே ஒருவர் உள்ளே நிற்க, ஒருவர் வெயிலில் காய, ஒருவர் டீ குடிக்க, ஒருவர் அடுத்த முறைக்குத் தயாராக என்று நாலு பேரும் தேவைப்பட்டார்கள். நாலு பேர் வேலையைத் தான் ஒருத்தியே செய்வேன் என்று வந்த மெஷினுக்கு, பக்கத்தில் துணை நிற்கவே நாலு பேர் வேண்டியிருந்தது. ஒரு நாள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது சென்னியப்பன் தன்னையறியாமல் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்ததைக் கேட்டு, வெளியே இருந்த மற்ற இரண்டு பேரும் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தையல் பகுதியில் ஜிப் வைக்கிற டெய்லர் வேலுத்தாய். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். அவள் மகள் மிதுனாவுக்கு அப்போது தவழ்கிற வயது. மற்றப் பிள்ளைகளோடு தையல் பகுதியை ஒட்டியிருந்த பிள்ளைக்கூடத்தில் தொட்டிலில் கிடப்பாள், இறக்கிவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் எங்காவது போய்விடுவாள். குளிர் தையல் பகுதி வரை வந்ததால், திரும்பி வந்த ஜாக்கெட் பெட்டிகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுவிடச் சொல்லியிருந்தார் கோகிலவாணி. சிவப்பு ஜாக்கெட்டில் மிதுனா ஒரு பெரிய மிளகாய்ப்பழம்போலத் திரிந்தாள்.

ஒரு நாள் டீ நேரம். மெஷின் பக்கத்தில் நின்றவர் உட்பட எல்லோரும் வெயில் காய வீதிக்குப் போயிருந்தார்கள். பிள்ளைக்கூடத்து ஆயா பால் ஆற்றத் திரும்பிய நேரத்தில் மிதுனாவைக் காணவில்லை. கட்டிங் மேசைக்கு அடியில் தேடினார்கள். துணி ரோல்களுக்குப் பின்னால் தேடினார்கள். வேலுத்தாய் வீதிக்கு ஓடி, லாரிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தாள். மகள் பெயரைக் கூப்பிட்ட அவள் குரலில் இருந்தது கூப்பிடுதல் அல்ல. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டார்.

சென்னியப்பன் ஒருக்களித்துக் கிடந்த ஷெட்டுக் கதவைத் தள்ளித் திறந்தார். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. பனி நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. தரையில் ஒரு தடம், இரண்டு உள்ளங்கையும் இரண்டு முழங்காலுமாக, கதவிலிருந்து மெஷின் வரை போயிருந்தது. மெஷினின் அடிப்பகுதிக்கும் சுவருக்கும் நடுவில் பனி மூடிய ஒரு சின்ன மேடு. அதன் ஓரத்தில் சிவப்பு.

அவர் எடுத்த வேகத்தில் தன் ஹூடியைக் கிழித்துப் பிள்ளையை வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினார். எங்கே போவது என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லாக் கைகளும் அயர்ன் மேசையைத்தான் காட்டின. ஆவி ஏறிச் சூடாக இருந்த அந்த மேசையில், அப்போதுதான் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துணிகளைக் குவித்து, அதன் நடுவில் பிள்ளையைப் படுக்க வைத்து, பாதங்களை ஒருத்தி தேய்க்க, கைகளை ஒருத்தி ஊத, கோகிலவாணி ஜாக்கெட்டைக் கழற்றினார். மிதுனாவின் உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. அழவில்லை.

"அழுடி," என்றாள் வேலுத்தாய். "அழுதுரு என் தங்கம். ஏய், அழுடி. ஒன்னத்தான்."

இருமல்போல ஒரு சத்தம் வந்தது. பிறகு முகம் சுருங்கியது. பிறகு, எங்கள் வீதியில் அதுவரை கேட்டிராத ஒரு பெரிய அழுகை வந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் கூடவே அழுதார்கள், சென்னியப்பன் சத்தமாகவே அழுதார்.

ஆனால் கோகிலவாணியின் கை பிள்ளையின் உடம்பிலேயே நின்றிருந்தது. அக்குள் சூடு. தோள் சூடு. நெஞ்சில் ஜிப் ஓடும் இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு ஜில்லென்று ஒரு கோடு. திருப்பிப் பார்த்தால், இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு சாண் இடம், பனிக்கட்டியைத் தொட்டதுபோல, சிவந்து கன்றிக் கிடந்தது.

வேலுத்தாய் பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். "போதும்க்கா. ஒங்க மெஷினும் வேணாம், ஒங்க குளிரும் வேணாம்" என்றாள். முந்தானையால் பொத்தி எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

நாச்சிமுத்து மெஷினை நிறுத்திவிட்டு, அதன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத வித்துப்போடலாம் கோகிலா" என்றார். "ஒரு உசுரு போயிருந்தா?"

"போகலீங்க" என்றார் கோகிலவாணி.

மறுநாள் காலையில் கோகிலவாணி கம்பெனிக்கு வரவில்லை. வேலுத்தாய் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். மிதுனா சிமெண்ட் தரையில் ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரட்டுமா கண்ணு?"

"வேலைக்கிக் கூப்பிட வந்தீகன்னா, வராதீக."

"கூப்பிட வரலே. பாப்பா தவழறதப் பாக்கோணும்."

வேலுத்தாய்க்குப் புரியவில்லை. கோகிலவாணி பையிலிருந்து அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை எடுத்துத் தரையில் வைத்தார். அதைப் பார்த்ததும் வேலுத்தாயின் முகம் மாறியது.

"வெளிநாட்டுப் புள்ளைகளுக்கு என் புள்ளைய அளவு பாக்க வந்தீகளாக்கும்?"

"ஆமா கண்ணு, அதுக்குத்தான் வந்தேன்" என்றார் கோகிலவாணி. "நேத்து என்ற கையில பட்ட அந்த ஜில்லு இன்னும் போகலே. போன வருஷம் இதே ஜாக்கெட்ட ஒருத்தி அவ புள்ளைக்குப் போட்டு, வெளிய கூட்டிட்டுப் போயிருப்பா. ஊடு வந்து கழட்டிப் பாத்து, நேத்து நீ பதறுனாப்பல பதறியிருப்பா. அவ நம்மள என்ன சொல்லியிருப்பா?"

வேலுத்தாய் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தானே ஜாக்கெட்டை எடுத்து, தானே மாட்டிவிட்டு, கரண்டியை எதிர் மூலையில் வைத்தாள். மிதுனா கரண்டியை நோக்கிக் கிளம்பினாள். நிற்க வைத்தபோது இடுப்புவரை மூடியிருந்த ஜாக்கெட், அவள் கையை ஊன்றி முதுகை வளைத்ததும் மெல்ல மெல்ல ஏறியது. கரண்டியை எட்டுவதற்குள் ஒரு சாண் முதுகு வெறுமையாகத் தெரிந்தது. இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளிழுத்தார்கள்.

"மேசையில படுக்கப் போட்டுத்தானே அளக்குறோம்" என்றாள் வேலுத்தாய். "மேசையில கெடக்குற சட்ட எங்கிட்டுத் தவழும்?"

அப்புறம் அவர்கள் பேசிக்கொண்டது முழுக்கத் துணியைப் பற்றித்தான். பின்பக்கம் நீட்டி வெட்ட வேண்டும், வாத்தின் வால்போல. அதன் நுனியில் ஒரு இறுக்கம் வேண்டும், ஆனால் தொடையைப் பிடிக்கக் கூடாது. ஜிப்புக்கு உள்ளே காற்றுப் புகாமல் ஒரு மடிப்புத் துணி, கழுத்துக் கிட்டே அது தாடையைக் கடிக்காமல் மடங்கி நிற்க வேண்டும். சோப்புக்கட்டியால் சிமெண்ட் தரையில் வரைந்தார்கள், அழித்தார்கள், மறுபடி வரைந்தார்கள். மத்தியானம் இரண்டு பேருமாகக் கம்பெனிக்கு நடந்து வந்தபோது மிதுனா கோகிலவாணியின் இடுப்பில் இருந்தாள். அன்றே கோகிலவாணி ஷெட்டுக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாளும், பிள்ளைக்கூடத்துக்கு மரத்தடுப்பும் போட வைத்தார், தச்சர் முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றார்.

நாச்சிமுத்து மாதிரியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "பையர் குடுத்த அளவ நாம மாத்தறதா? பாத்த ஒடனே ரிஜெக்ட்னு சொல்லிப்போடுவாங்க."

"மாத்தாம அனுப்புனாலும் அதேதாங்க சொல்லுவாங்க. மாத்திப்போட்டுக் கேக்கலாம்."

"ஆர்டரே போயிரும் கோகிலா. ஊடும் போயிரும்."

"ஊடு போனா லைன் வீட்டுல இருக்கலாமுங்க. எனக்கு அந்த முதுகு கண்ணுலயே நிக்குது."

நாச்சிமுத்து ஷெட்டுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினார். மெஷின் மறுபடி சுற்றத் தொடங்கியது.

புது மெஷினையும் துணியையும் பார்க்க பையர் கம்பெனியிலிருந்து இங்க்ரிட் என்ற அம்மாள் வந்தார். எங்கள் ஊர் வெயிலுக்கென்று கையில்லாத பருத்திச் சட்டையும் மெல்லிய செருப்பும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஷெட்டுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. மேலே பார்த்தார். கன்னத்தில் இறங்கியதைத் துடைக்காமல் விட்டார். சென்னியப்பன் ஓடிப்போய் ஒரு ஹூடியைக் கொடுத்ததும் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, இங்கேயும் இது உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். இந்த வருஷம்தான் மேடம் என்றார் நாச்சிமுத்து.

துணியைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்து மாதிரி ஜாக்கெட்டை மேசையில் விரித்து, டேப் எடுத்து அளந்தார். பின்பக்கத்தில் டேப் நின்றது. மறுபடி அளந்தார். நெற்றி சுருங்கியது. இது நான் கொடுத்த அளவு இல்லையே என்றார். நாச்சிமுத்துவுக்கு, சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் மறந்துபோயிற்று.

அப்போது வேலுத்தாய் யாரும் சொல்லாமலே முன்னால் வந்தாள். ஷெட்டின் வாசலில், குளிர் இறங்கும் இடத்தில், தடித்த சமுக்காளத்தை விரித்து, புது ஜாக்கெட் போட்ட மிதுனாவை இறக்கிவிட்டாள். தானும் பக்கத்திலேயே மண்டியிட்டாள், ஒரு கை எப்போதும் எட்டும் தூரத்தில். மிதுனா தவழ்ந்தாள். பனித்துகள் அவள் முதுகில் விழுந்தது, உருண்டது. முதுகு வளைந்தது, நிமிர்ந்தது, பின்பக்கத்து வால் அவளை விட்டு நகரவே இல்லை.

இங்க்ரிட் டேப்பைக் கீழே வைத்தார். சமுக்காளத்தில் மண்டியிட்டு, யாரிடமும் கேட்காமல், தன் உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கிக்கொண்டு, மிதுனாவின் ஜாக்கெட்டுக்குள் பின்பக்கமாக நுழைத்து இடுப்புக்கு மேலே தொட்டுப் பார்த்தார். அவருடைய ஊரில் வெளியே போய்விட்டு வந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்கள் என்பது அந்தக் கை போன விதத்திலேயே தெரிந்தது. தன் பாஷையில் ஏதோ சொன்னார். எங்களில் யாருக்கும் புரியவில்லை.

"சூடா இருக்குல்ல?" என்றாள் வேலுத்தாய்.

அவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த அளவே இருக்கட்டும், எல்லா சைஸுக்கும் இதேபோல மாற்றிக் கொடுங்கள் என்று நாச்சிமுத்துவிடம் சொன்னார். போகும்போது ஹூடியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார், நாங்களும் கேட்கவில்லை.

அப்புறம் ஆனியும் ஆடியும் எப்படிப் போயின என்று எங்களுக்கே தெரியாது. மெஷின் சுற்றியது, பனி விழுந்தது, துணி இறங்கியது, தைத்தோம், கட்டினோம், ஏற்றினோம். ஆடிக்காற்று அடிக்க ஆரம்பித்ததும் பனி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. ஒரு நாள் காலையில் சென்னியப்பன் ஷெட்டுக்குள் போனபோது தரை ஈரமாக மட்டும் இருந்தது. மெஷினின் இரும்பைத் தொட்டால் மற்ற மெஷின்களைப்போலவே வெதுவெதுப்பாக இருந்தது. கோடை முழுக்க அதன் நிழலில் கிடந்த நாய்கள் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயின. மோர்க்காரருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

சென்னியப்பன் கிழிசல் தைத்த ஹூடியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு நேராக நாச்சிமுத்துவிடம் போனார். கோடை முழுக்கக் கேட்காததை அன்று கேட்டார்.

"குளிரு போயிருச்சுங் மொதலாளி. இனி அங்க ஒரு ஆளு போதும். மத்த மூணு பேரும் என்ன பண்றதுங்?"

நாச்சிமுத்து அவரை உட்காரச் சொன்னார். சென்னியப்பன் உட்காரவில்லை.

"அன்னிக்கி வவுத்துல வெச்சு ஓடுனீங்களே அண்ணா," என்றார் நாச்சிமுத்து, "மெஷினா ஓடுச்சு? பழைய மெஷின் நாலையும் தொடச்சு வெய்யுங்க. உள்பனியன் ஆர்டர் ஒண்ணு கேட்டிருக்கேன். அதுல ஓட்டலாம். அதுவரைக்கும் நாலு பேரும் முறை போட்டே நில்லுங்க."

சென்னியப்பன் அப்போதுதான் உட்கார்ந்தார். பிறகு எழுந்து எண்ணெய்க் குப்பியைத் தேடிப் போனார்.

ஆனாலும் நாச்சிமுத்துவுக்கு நிம்மதி வரவில்லை. சரக்குப் போய்ச் சேர்ந்த தகவல் வந்தது. அதன் பிறகு ஐப்பசி போனது, கார்த்திகை போனது, அந்தப் பக்கம் நல்ல குளிர் இறங்கியிருக்கும் மாதங்கள். போன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவர் முகம் வெளுத்தது. தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டுக் கைகழுவிவிடுவார். கோகிலவாணி விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

தை பிறந்து பொங்கல் லீவு முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பிய வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இங்க்ரிட்டின் அழைப்பு வந்தது. அடுத்த பருவத்துக்கு எப்போது துணி ஓட்ட ஆரம்பிப்பீர்கள், என்னென்ன நிறம் கிடைக்கும் என்றெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே போனார். நாச்சிமுத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். போன சரக்கு பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா?

இல்லையே, எதற்குக் கேட்கிறீர்கள், யாரும் எதுவும் சொல்லவில்லையே என்றார் இங்க்ரிட்.

போனை வைத்துவிட்டு நாச்சிமுத்து தையல் பகுதிக்கு நடந்து வந்தார். கட்டிங் மேசையைச் சுற்றித் தூக்குப்போசிகளைத் திறந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்து எல்லாக் கைகளும் நின்றன.

"யாரும் ஒண்ணுமே சொல்லலீங்களாமா" என்றார்.

ஒரு நொடி யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. வேலுத்தாய்தான் முதலில் சிரித்தாள். "புள்ளைக நல்லா இருந்தா எவ போன் போட்டுச் சொல்லுவா?" என்றாள்.

பிறகு எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். சென்னியப்பன் நகர்ந்து இடம் கொடுத்தார். நாச்சிமுத்து மேசையோரத்தில் உட்கார்ந்து, வேலுத்தாய் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நிறுத்தாமல் சாப்பிட்டார். தட்டைக் காலி செய்துவிட்டு, சின்னப் பையன்போல, "இன்னும் கொஞ்சம் சோறு இருக்குதா அம்மணி?" என்று கேட்டார்.

கோகிலவாணி எதிரில் துணி ரோல்களின் மேல் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே பின்னால் சாய்ந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது, தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாகத் தடதடக்க ஆரம்பித்தன, அடுத்த ஷெட்டில் நிட்டிங் மெஷின் உறுமியது, லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் அவர் வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த ரோலிலிருந்து துணி வேண்டியிருந்த கட்டிங் மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போய், வேறு நிறத்தை வெட்ட ஆரம்பித்தார்.